கண்ணாடிப் பொட்டு

லைஃப்கார்டுகள் இரண்டு பேரும் பெண்கள் இடுப்புவரை போடுகிற மெல்லிய நைலான் ஸ்டாக்கிங்கை மாட்டிக்கொண்டுதான் காலையில் கடலில் இறங்குவார்கள். ஒன்று காலுக்கு. இன்னொன்றை நடுவில் தலை நுழையும் அளவுக்கு வெட்டி, கால்கள் இரண்டையும் கைகளாக்கி, மேலுக்கு. வெட்டித் தைத்துக் கொடுப்பது அவள். ஒருவனுக்கு மனைவி, இன்னொருவனுக்கு அக்கா என்பதால் கூலி கிடையாது, கேலி மட்டும் உண்டு.

கடற்கரைக்காரர்கள் அவள் கணவனைக் கொடி என்று கூப்பிடுவார்கள். கம்பத்தில் பச்சைக் கொடி ஏற்றி, குளிக்க வருகிறவர்களை உள்ளே விடுவது அவன் வேலை. அவள் தம்பியின் பெயர் விசில். ஏன் என்று கடற்கரையில் ஒரு மணி நேரம் இருந்தால் காது சொல்லும்.

வெயில் காலத்தில் அந்தக் கரைக்கு ஒரு ஜெல்லிமீன் வரும். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. தண்ணீருக்குள் தண்ணீராகவே இருக்கும். மூலைக்கு ஒன்றாக நான்கு நூல் தொங்கும். கடற்கரைக்காரர்கள் அதைக் கண்ணாடிப் பொட்டு என்பார்கள். அதன் விஷமுள் மெல்லிய நைலானைக்கூடத் தாண்டாது என்று யாரோ எப்போதோ கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால்தான் ஸ்டாக்கிங். அதைப் போட்டுக்கொண்டு இருவரும் மார்பளவு நீரில் ஆளுக்கொரு கழியைப் பிடித்து, சல்லடைத் துணி போன்ற வலையைக் கரையோரமாக இழுத்துப் போவார்கள். வலையில் பொட்டு சிக்கினால் சிவப்புக் கொடி. சிக்காவிட்டால் பச்சை.

அன்றைக்குப் பச்சை ஏறியதை அவள் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே பார்த்தாள். ஜன்னலில் கடல் தெரியாது, எதிர்வீட்டு மாடிச் சுவருக்கு மேலே கம்பத்தின் நுனி மட்டும் தெரியும். பச்சை வந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் டீக்கு வந்துவிடுவார்கள் என்று அர்த்தம்.

வந்தார்கள்.

"அக்கா, மாமாவுக்கு இடுப்புல இறுக்குதாம். அடுத்த தடவை கொஞ்சம் துணி விட்டுத் தை."

"டேய் மாப்ளே, எனக்கு இறுக்கத்தான் செய்யுது. உனக்குக் கிழியுது. நேத்து நீ குனிஞ்சப்போ குளிக்க வந்த கூட்டமே கண்ணை மூடிக்கிச்சு."

"வலையில என்ன?" என்று அவள் கேட்டாள். தினமும் கேட்பாள்.

"ஒண்ணுமில்ல. கடல் சுத்தம்." தினமும் அவள் கணவன் இதையே சொல்வான்.

மேலுக்குப் போட்ட ஸ்டாக்கிங்கை அவன் கழுத்தில் சுற்றியிருந்தான். உப்பு காய்ந்தால் நைலான் முரடாகிவிடும் என்று, கரையேறியதும் குழாய்த் தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழிந்து, கழுத்தில் போட்டுக்கொண்டு வருவது அவன் வழக்கம். வழியெல்லாம் வெயிலுக்குக் குளிர்ச்சி. வந்ததும் மெஷின் பக்கத்து ஆணியில் மாட்டுவான். அன்றைக்கு மாட்டவில்லை. டீயை எடுத்துக்கொண்டு அப்படியே ஸ்டூலில் சாய்ந்தான்.

"கடற்கரையில கொசு வந்துடுச்சு" என்று பின்கழுத்தில் ஒரு தட்டு தட்டினான். "பட்டப்பகல்ல கடிக்குது."

விசில் நின்றபடியே டீயைக் குடித்து முடித்து, "மாமா, மெதுவா வாங்க. அதுவரைக்கும் ராஜ்யத்தை நான் பார்த்துக்கறேன்" என்று விசிலை ஒரு ஊது ஊதிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டான்.

மெஷின் ஓடத் தொடங்கியது. வெயில் நைலான் துண்டுகளின் மேல் விழுந்து, அவை தரையில் யாரோ உரித்துப் போட்ட நிழல்களைப் போலக் கிடந்தன. அவன் டீயைப் பாதியிலேயே கீழே வைத்தான். அது அதிசயம்.

"முதுகை யாரோ துணி பிழியற மாதிரி பிழியறாங்க" என்றான்.

"வலையை நீங்களே முழுசா இழுத்திருப்பீங்க. என் தம்பி சும்மா கழியைப் பிடிச்சுக்கிட்டு ஊர்வலம் வந்திருப்பான்."

அவன் சிரிக்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். நெற்றியிலிருந்து வியர்வை மணிமணியாக இல்லை, தாரையாக இறங்கிக்கொண்டிருந்தது. உதடு வெளுத்திருந்தது. அவள் எழுந்து போய் அவன் கழுத்திலிருந்த ஸ்டாக்கிங்கை உருவினாள், கைக்குக் கிடைத்த ஈரத்துணி அதுதான். சொம்புத் தண்ணீரில் நனைத்து, தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிழிந்து, முகத்தைத் துடைத்தாள். கழுத்தைத் துடைத்தாள். தோள்களை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள்.

"ஆங்... அங்கதான். இன்னும் கொஞ்சம்" என்றான் அவன். அவள் இன்னும் கொஞ்சம் தேய்த்தாள்.

திடீரென்று அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். முகத்தில் வலியைத் தவிர வேறு ஏதோ இருந்தது. வாசலில் தெரிந்தவர் யாரோ வந்து நிற்கிற மாதிரி வாசலையே பார்த்தான்.

"நான் சாகப் போறேன்" என்றான், மிக அமைதியாக.

"காலங்காத்தால என்ன பேச்சு இது?"

"பேச்சில்ல. தெரியுது."

பேச்சுக்குப் பேச்சு விளையாடுகிறவன். மாமனார் வீட்டுத் துக்கத்தில்கூட யாரையாவது சிரிக்க வைத்துவிட்டு அவளிடம் திட்டு வாங்கியவன். அவன் அதைச் சொன்ன விதத்தில் விளையாட்டே இல்லை. போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

*

கடற்கரை ஜீப்பில் கிளினிக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மாடிகூட இல்லாத சின்னக் கட்டடம். உள்ளே மூன்று கட்டில், நடுவில் பூப்போட்ட திரை, சக்கரம் ஒன்று சுழலாத ஒரே ஒரு டிரிப் ஸ்டாண்டு. அவனைக் கட்டிலில் படுக்க வைக்க முடியவில்லை. முழங்காலை மார்போடு மடக்கினான், உடனே நீட்டினான், புரண்டான், எழுந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தான். இடுப்பு எலும்பை ரம்பத்தால் அறுக்கிறார்கள் என்றான். நெஞ்சைப் பிடித்தான். பிரஷர் பார்த்த நர்ஸ் இன்னொரு தடவை பார்த்தாள்.

டாக்டரம்மா வேகமாக வந்தார். சின்ன வயது. நேராக விஷயத்துக்கு வந்தார்.

"கடல்ல இறங்கினாரா?"

"ரெண்டு பேரும் இறங்கினோம் டாக்டர்" என்றான் விசில். "ஆனா வலையில ஒண்ணும் சிக்கலை. உடம்பு முழுக்க உறை போட்டிருந்தோம்."

"கை, கால்?"

தேடினார்கள். டாக்டரம்மா விளக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு பாதத்திலிருந்து ஆரம்பித்தார். விரல் இடுக்கு, கணுக்கால், முழங்கால் மடிப்பு, உள்ளங்கை. கொட்டின இடம் பெரிதாகத் தெரியாது, சிலிர்த்த தோலும் அதன்மேல் பொடிப்பொடியாக வியர்வையும் இருக்கலாம், அவ்வளவுதான் என்றார். எங்கேயும் இல்லை.

"கழுத்து ஏன் இப்படிச் சிவந்திருக்கு?"

"நான்தான் அழுத்தித் துடைச்சிட்டேன்" என்றாள் அவள்.

டாக்டரம்மா தலையாட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போனார். அவள் தேய்த்த தேய்ப்பில் கழுத்து முழுவதும் ஒரே சிவப்பு. அதில் எதைத் தேடுவது?

நெஞ்சில் ஒட்டிய வயர்களிலிருந்து தாள் நீண்டு வந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா, பிறகு அவளைத் தனியாகத் திரைக்கு இந்தப் பக்கம் அழைத்தார்.

"உங்ககிட்ட மறைக்கலை. ரெண்டு சந்தேகம் இருக்கு. இதயத்துல அடைப்புன்னா ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்தை இப்பவே போடணும், தாமதிச்சா இதயம் போயிடும். ஜெல்லிமீன்னா அதைப் போடவே கூடாது. இருக்கிற பிரஷருக்கு மூளையில ரத்தம் கசிஞ்சிடும். தாளைப் பார்த்தா அடைப்பு மாதிரிதான் இருக்கு. ஜெல்லிமீன் விஷத்துலயும் இப்படி வரலாம். பெரிய ஆஸ்பத்திரியில கேட்டேன், அடைப்புன்னு வச்சு ஆரம்பிங்கன்னு சொல்றாங்க. அவங்க வண்டி வர்றதுக்குள்ள நான் ஏதாவது ஒண்ணைச் செஞ்சாகணும்."

"பயிற்சியில சொன்னாங்க டாக்டர்" என்றான் விசில் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "பொட்டு கொட்டினா சாவு வந்துடுச்சுன்னே தோணுமாம். கொன்னுடுங்கன்னு டாக்டர்கிட்டயே கெஞ்சுவாங்களாம். மாமா வழி பூரா அதையேதான் சொன்னாரு."

"ஹார்ட் அட்டாக்லயும் அப்படித் தோணும் தம்பி. அதை வச்சுச் சொல்ல முடியாது."

அவள் கட்டிலுக்குத் திரும்பினாள். அவன் அவளுடைய புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான்.

"விடச் சொல்லு என்னை. எதையாவது போட்டு முடிச்சிடச் சொல்லு. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"இது நீங்க பேசலை" என்றாள் அவள் அவன் காதோடு. "வலி பேசுது. நம்பாதீங்க. அது பொய் சொல்லுது."

"பாப்பா ஸ்கூல்லேர்ந்து வருவா."

"வரட்டும்."

"வந்ததும் சொல்லிடாதே. முதல்ல சாப்பிடட்டும். சாப்பிட்டப்புறம் சொல்லு. இல்லேன்னா ராத்திரி வரைக்கும் சாப்பிடமாட்டா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாகிற மனிதன் மகளின் சாப்பாட்டை யோசிக்கிறான். விஷத்துக்கு இந்த மாதிரி யோசனை வருமா? வராது. அப்படியென்றால் இது அவன்தான். அவன்தான் சாகிறான்.

அவளுடைய மணிக்கட்டு அரித்தது. அதை அவள் கவனிக்கவில்லை. நின்று நின்று இடுப்பு வலிக்கிறது என்று நினைத்தாள். பயத்தில் வியர்க்கிறது என்று நினைத்தாள்.

பிறகு அறை மாறியது.

எதுவும் நகரவில்லை. திரையில் அதே பூ, ஸ்டாண்டில் அதே கோணல் சக்கரம். ஆனால் எல்லாவற்றிலிருந்தும் உள்ளே இருந்த ஏதோ ஒன்றை உருவி எடுத்துவிட்டார்கள். திரைப்பூக்கள் இனி யாருக்காகவும் பூக்கப் போவதில்லை என்பது தெரிந்தது. வெளியே ஒரு ஸ்கூட்டர் போனது, அதில் போனவர் வீட்டுக்குப் போய்ச் சேரமாட்டார் என்பது தெரிந்தது. அவன் சாகப்போகிறான். எந்த மருந்து போட்டாலும் சரி. அதில் சந்தேகமே இல்லை. இரண்டும் இரண்டும் நாலு என்பதைப் போல அது அங்கே இருந்தது. இத்தனை நேரம் தான் போராடியதே அவளுக்குச் சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது.

"என்ன செய்யலாம்மா?" என்றார் டாக்டரம்மா.

"போடுங்க" என்றாள் அவள். "எதை வேணும்னாலும் போடுங்க. எல்லாம் ஒண்ணுதான்."

"அக்கா!"

"எல்லாம் முடிஞ்சிடுச்சுடா. உனக்குத் தெரியலையா?"

நர்ஸ் ரத்தக்கட்டி கரைக்கிற மருந்துப் புட்டியை உடைத்து ஊசியில் ஏற்றினாள். அவனுடைய கையைத் தட்டி நரம்பைத் தேடினாள். கையை நேராகப் பிடித்துக்கொள்ளும்படி மனைவியிடம் சொன்னாள். அவள் குனிந்து பிடித்தாள். அவளுடைய மோவாயிலிருந்து வியர்வை அவன் மார்பில் சொட்டியது. ஒரு சொட்டு, பிறகு விடாமல், ஓட்டைக் கூரையைப் போல. நர்ஸ் நிமிர்ந்தாள்.

"உங்களுக்கு என்னம்மா இப்படி வேர்க்குது?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். முதுகுக்குள் யாரோ கையைவிட்டுத் துணி பிழிவதைப் போலப் பிழிந்தார்கள். கட்டில் விளிம்பில் நெற்றி மோத மடங்கி உட்கார்ந்தாள். துணி பிழியற மாதிரி. இந்த வார்த்தையை அவள் இன்றைக்குக் கேட்டிருக்கிறாள்.

அவளைத் தூக்கப்போன விசில் அவளுடைய கையைப் பிடித்தான். பிடித்தவன் அப்படியே நின்றான். மணிக்கட்டின் உட்பக்கம் தோல் சிலிர்த்து நின்றது, கோழித் தோலைப் போல. அதன்மேல் பொடிப்பொடியாக வியர்வை. இரண்டு கோடு. வளையல் மாதிரி.

"டாக்டர்!"

டாக்டரம்மா பார்த்தார். நர்ஸின் கை பக்கம் திரும்பாமலே, "அதை எடுங்க. போடாதீங்க" என்றார். பிறகு அவளுடைய முகத்தை நிமிர்த்தினார். "நீங்க இன்னைக்குக் கடல்ல இறங்கினீங்களா?"

"நானா? எனக்கு ஜன்னல்ல கொடிதான் தெரியும்."

"கையில என்ன பட்டுது? யோசிச்சுச் சொல்லுங்க. கையில எதைச் சுத்தினீங்க?"

யோசனை எங்கோ தொலைவில் இருந்தது. அதை எட்டிப் பிடித்து என்ன ஆகப்போகிறது என்றுதான் இருந்தது. ஆனாலும் கேட்கிறார்களே என்று சொன்னாள்.

"ஸ்டாக்கிங். அவரு கழுத்துல போட்டிருந்தாரு. அதாலதான் துடைச்சேன்."

விசில் தலையில் அடித்துக்கொண்டான். "வலையில சிக்கலை. மாமாவோட ஸ்டாக்கிங் இடுப்பு மடிப்புல சிக்கியிருக்கு. அதைப் பிழிஞ்சு கழுத்துல போட்டுக்கிட்டு, கொசு கடிச்சுதுன்னாரு, டாக்டர்! கொசு!"

"நல்ல தண்ணியில நனைச்சுத் தேய்ச்சா வெடிக்காத முள்ளும் வெடிக்கும்" என்றார் டாக்டரம்மா, யாரையும் பார்க்காமல், ஏற்கெனவே அலமாரியைத் திறந்துகொண்டே. "வினிகர் எங்கே? கழுத்துலயும் ஊத்துங்க, கையிலயும் ஊத்துங்க. யாரும் தேய்க்காதீங்க. பிரஷருக்கு மெக்னீசியம் எடுங்க. வலிக்கு ஊசி ரெண்டு பேருக்கும். தம்பி, நீ ஏன் இன்னும் இங்கே நிக்கறே? கடல்ல ஆள் இருக்காங்கல்ல?"

விசில் ஓடினான். "வீட்டுல அந்த ஸ்டாக்கிங்கை யாரும் தொடக்கூடாது, சாவி என்கிட்ட!" என்று கத்திக்கொண்டே ஓடினான். கொஞ்ச நேரத்தில் தொலைவில் விசில் சத்தம் கேட்டது. எப்போதும் விளையாட்டாக ஊதுகிற மாதிரி இல்லை. மூச்சு விடாமல், நீளமாக.

*

இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இருந்த ஒரே ஸ்டாண்டில் இரண்டு பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். வினிகர் வாடை அறையெங்கும் நிறைந்தது. இந்த விஷத்துக்கு நேரான மாற்று மருந்து கிடையாது என்று டாக்டரம்மா சொன்னார். வலியைக் குறைத்து, பிரஷரை இறக்கி, இதயத்தைக் காவல் காக்கலாம். மீதியை உடம்புதான் செய்யவேண்டும். பெரிய ஆஸ்பத்திரி வண்டி வழியில் இருந்தது.

அவளுக்கு அது எதுவும் எட்டவில்லை. வலி அலையலையாக வந்தது. கடலலை போவதற்குத்தான் வரும். இது வந்து நின்றது, நின்றதன்மேல் இன்னொன்று வந்தது. ஆனால் வலியைக்கூடப் பொறுக்கலாம். அதற்குக் கீழே தெரிந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அங்கே தரை இல்லை. நர்ஸ் சிரிஞ்சோடு குனிந்தபோது அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நிறைய போடுங்க. எழுந்திருக்காத மாதிரி போடுங்க. தாயே, உங்களுக்குப் புண்ணியமா போகும்."

"அப்படியெல்லாம் சொல்லக்கூடாதும்மா."

"அவரு போயிட்டாரு. எனக்குத் தெரியும். என்கிட்ட மறைக்கறீங்க."

"பக்கத்துலதாம்மா இருக்காரு. பாருங்க."

அவள் பார்க்கவில்லை. பார்த்தால் உண்மையாகிவிடும். சுவர்ப் பக்கம் திரும்பி, சுண்ணாம்பு உரிந்த இடத்தையே வெறித்தாள். அந்த உரிந்த இடத்தில் ஒரு சின்ன வாசல் இருப்பதாகவும், அதன் அந்தப் பக்கம் தான் ஏற்கெனவே போய்விட்டதாகவும் அவளுக்குத் தோன்றியது.

"ஏய்."

குரல் நூலைப் போல இருந்தது. அறுந்து அறுந்து வந்தது.

"ஏய். டெய்லரம்மா."

அவள் அசையவில்லை.

"இது நீ பேசலை" என்றது குரல். "அது பேசுது. நம்பாதே."

"சும்மா இருங்க. செத்தவங்க பேசக்கூடாது."

"செத்தா எனக்கு இடுப்பு ஏன் வலிக்குது?" ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. "உன்னைவிட எனக்குக் கொஞ்சம் முன்னாடி விஷம் ஏறிச்சு. இப்ப கொஞ்சம் முன்னாடி இறங்குது. அவ்வளவுதான் வித்தியாசம். நீ இப்ப எங்க நிக்கறியோ அங்க நான் நின்னுட்டு வந்தேன். என்கிட்டயும் அது இதையேதான் சொல்லிச்சு. ஒரு வார்த்தை மாத்தலை. சோம்பேறி."

அவள் நம்பவில்லை. நம்ப முடியவில்லை. அவனைப் போலவே பேசி ஏமாற்றுகிறது என்று நினைத்தாள். விஷத்துக்கு அவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருக்கும். இதயம் நெஞ்சுக்குள் கண்டபடி குதித்தது. பக்கத்துக் கட்டிலில் இதயத் துடிப்பைக் காட்டும் மெஷினும் ஒரே சீராக அடிக்கவில்லை. இரண்டு தடவை அடித்து, ஒரு தடவை மறந்து, மறுபடி அடித்தது. மறக்கிற ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"பாப்பா வந்துடுவா" என்றாள் அவள் சுவரிடம்.

"வரட்டும்."

"நான் என்ன சொல்லுவேன்?"

மெஷின் அடித்தது. மறந்தது. அந்த இடைவெளி நீண்டது. அவள் சுவரை விட்டுத் திரும்பினாள். முதுகு முழுவதும் உடைய, பல்லைக் கடித்துக்கொண்டு, மொத்த உடம்பையும் ஒரு மூட்டையைப் போலப் புரட்டித் திரும்பினாள்.

அவன் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். முகம் மெழுகைப் போல இருந்தது. மெஷின் மறுபடி அடித்தது.

"முதல்ல சாப்பிடட்டும்" என்றான். "அப்புறம் சொல்லுவோம்."

"யாரு?"

"ரெண்டு பேரும்தான். நீ தனியா சொன்னா அழுதுடுவே. நான் தனியா சொன்னா அவ நம்பமாட்டா."

வண்டியின் சைரன் தெருமுனையில் கேட்டது. அவளுக்குள் அந்த நிச்சயம் இன்னும் அப்படியே இருந்தது, ஒரு துளிகூடக் கரையாமல். அதோடுதான் அவள் கையை நீட்டினாள். டிரிப் குழாய் எட்டியது, விரல் எட்டவில்லை. நர்ஸ் அதைப் பார்த்தாள். சக்கரம் சுழலாத அந்த ஸ்டாண்டைக் கரகரவென்று தரையில் இழுத்து ஓரமாக வைத்துவிட்டு, அவளுடைய கட்டிலைப் பக்கத்துக் கட்டிலோடு சேர்த்துத் தள்ளினாள்.